அவசரம் என்றொரு குதிரை

மார்ச் 6

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் பன்னிரண்டு குதிரைகளும் இங்கே சுகம். நீயும் மருமகளும் எப்படி இருக்கிறீர்கள்? உன் இடுப்பு வலி விட்டதா?

நான் பஸ் ஏறியபோது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாய். இப்போதாவது அது திரும்பியிருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே போன் எடுக்காது. வாரம் ஒரு தடவை ஜீப் சாமான் ஏற்றிக்கொண்டு மேலே வரும். திரும்பும்போது எங்கள் கடிதங்களைக் கீழே கொண்டுபோகும்.

குதிரை ஏறிக் காட்டைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சமைத்துப் போடுவதுதான் என் வேலை. ஒரு மேட்டில் கூடாரம் அடித்து இரண்டு நாள் தங்குவோம். பிறகு எல்லாவற்றையும் பிரித்துப் பொதிக்குதிரைகள்மேல் கட்டி அடுத்த மேட்டுக்குப் போவோம். ஒரு கூட்டத்துக்கு ஆறேழு பேர். ஆஸ்பத்திரியில் முந்நூறு பேருக்குக் கிண்டியவளுக்கு இது ஒரு பொருட்டா? அங்கே இருபது வருஷம் உப்பில்லாமல் சமைத்தேன். இங்கே வருகிறவர்கள் எல்லாரும் உப்புப் போட்டுச் சாப்பிடுகிறவர்கள், சந்தோஷமாக இருக்கிறது.

முதலாளியம்மா முன்பு கால்நடை டாக்டராக இருந்தவர். வழிகாட்டிக்கு 'மீசை' என்று பேர். முகத்தில் மருந்துக்கும் மீசை இல்லை. எப்போதோ எடுத்துவிட்டாராம், பேர் மட்டும் ஒட்டிக்கொண்டதாம். லாடக்காரர் ஒருவர் இருக்கிறார், ஆள் மலை மாதிரி, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயம். பெண்குதிரை ஒன்றுக்கு 'அவசரம்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். அது பிறந்ததிலிருந்து எதற்கும் அவசரப்பட்டதில்லையாம்.

ஆஸ்பத்திரிச் சமையலைக் காண்டிராக்டுக்கு விட்ட பிறகு உன் வீட்டு நாற்காலியைத் தேய்த்துக்கொண்டு கிடந்தேன். நீ எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை, அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். குறையே இல்லாமல் உட்கார்ந்திருக்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் அம்மா


மார்ச் 21

அன்புள்ள அம்மாவுக்கு,

இடுப்பு வலி பரவாயில்லை. இவளும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லையே?

நேற்று ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட்டின் கூரைமேல் உட்கார்ந்து கம்பிவடத்துக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்கிறவன், "என்னடா, உங்கம்மாவ ஆளையே காணோம்?" என்றான். என்ன பதில் சொல்வது? பெற்ற பிள்ளை கை நிறையச் சம்பாதிக்கும்போது தாய் காட்டில் அடுப்பு ஊதுகிறாள் என்றா? கேட்கிறவன் உன்னையா குறை சொல்வான்? என்னைத்தான் காறித் துப்புவான்.

சரி, போனது போயிற்று. சீசன் முடிந்த மறுநாள் நீ வீட்டில் இருக்க வேண்டும். அதுவரை அடுப்பு உண்டு, நீ உண்டு என்று இரு. குதிரைப் பக்கமே போகாதே. ஐம்பத்து மூன்று வயதில் எலும்பு முறிந்தால் ஒட்டாது.

வேளைக்குச் சாப்பிடு.

உன் மகன்


ஏப்ரல் 4

என் அம்மாடி மருமகளுக்கு,

அத்தை நன்றாக இருக்கிறேன். உன் கண் எரிச்சல் குறைந்ததா? நாள் முழுக்கக் கண்ணாடிக் கடையில் அடுத்தவர் கண்ணையே பார்க்கிறாய், உன் கண்ணுக்கும் சொட்டு மருந்து விட்டுக்கொள்.

உன் வீட்டுக்காரனின் பழைய வேலைப் பேண்ட், தடிப்பாக இருக்குமே, அதில் இரண்டு அனுப்பு. இங்கே அடுப்படிக்கு என் உடுப்பு தோதுப்படவில்லை. அவனிடம் சொல்ல வேண்டாம், வீணாக யோசிப்பான். வலிக்குத் தடவுகிற தைலமும் ஒரு புட்டி வை. குளிருக்குத்தான்.

போன வாரம் ஊசியிலை மரங்களுக்கு நடுவே முகாம் போட்டிருந்தோம். காலையில் பனி இடுப்பு உயரத்துக்கு நின்றது. குதிரைகளுக்குக் கால் இல்லாத மாதிரியும் உடம்பு மட்டும் மிதந்து வருகிற மாதிரியும் இருந்தது. அவசரம் வந்து என் தோளில் மூக்கை வைத்து மூச்சு விட்டது. அதற்கு ரொட்டி ஓரம் பிடிக்கும். மீசை சொல்கிறார்: "இது யார்கிட்டயும் ஒட்டாதுங்க. உங்ககிட்ட மட்டும் என்னமோ கொஞ்சுது." நான் சொன்னேன், "அதுக்கும் மாமியார் குணம், எனக்கும் மாமியார் குணம். ஒத்துப்போவுது."

சிரித்தாயா? சிரி.

அத்தை


ஏப்ரல் 17

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் இருவரும் நலம். உங்கள் நலம் நீங்கள் எழுதுகிற வரிகளைவிட எழுதாத வரிகளில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இரண்டு பேண்ட் அனுப்பியிருக்கிறேன். இடுப்பைப் பிடித்துத் தைத்துவிட்டேன். உட்காருகிற இடத்திலும் தொடையின் உள்பக்கத்திலும் துணியை இரட்டையாக வைத்துத் தைத்திருக்கிறேன். அடுப்படியில் அந்த இடம்தான் சீக்கிரம் தேயும், இல்லையா அத்தை? நான் ஒன்றும் கேட்கவில்லை. தைலம் பெரிய புட்டியாகவே வைத்திருக்கிறேன்.

கீழ்வீட்டம்மா தினமும் உங்களை விசாரிக்கிறார். உங்கள் மகன், "அம்மா உடம்பு தேற மலைக்குப் போயிருக்காங்க" என்கிறார். அந்தம்மா பாவம், "எந்த ஆஸ்பத்திரி?" என்று உருகுகிறார். நான் வாயை மூடிக்கொண்டு படியேறி வந்துவிடுகிறேன்.

கீழே விழுந்துவிடாதீர்கள். பாத்திரத்தோடு நடக்கும்போது சொல்கிறேன்.

உங்கள் மருமகள்


மே 2

அன்பு மகனுக்கு,

நான் சுகம். முழங்காலைக் கேட்டாய், அது என்னைவிடச் சுகம். இங்கே வந்த பிறகு அதற்கு வலிக்க நேரமில்லை.

நேற்று உச்சி முகாமுக்கு வந்தோம். இதுதான் இருப்பதிலேயே உயரமான இடம். மேகம் நமக்குக் கீழே போகிறது. நீ லிஃப்ட் கூரைமேல் நின்று ஊரைப் பார்ப்பாயே, அந்த மாதிரி நானும் ஒரு பாறைமேல் நின்று பார்த்தேன். உன் ஞாபகம் வந்தது. உயரத்தில் நின்று வேலை செய்கிறவனைப் பெற்றிருக்கிறேன் என்பது அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

ஊர் என்ன சொல்லும் என்று எழுதியிருந்தாய். ஊர் எப்போது சும்மா இருந்தது? அப்பா போன பிறகு நான் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனபோதும் சொன்னது. அந்தச் சம்பளத்தில்தான் நீ தொழில் படித்தாய்.

குதிரையைப் பற்றியும் எழுதியிருந்தாய். எல்லாக் குதிரைகளும் நலம்.

உன் அம்மா


மே 30

மகனுக்கும் மருமகளுக்கும்,

இரண்டு பேரும் நலமா? ஜீப் வர முடியாததால் இந்தக் கடிதம் தாமதம். கவலைப்பட்டிருப்பீர்கள். இங்கே கொஞ்சம் மழை.

மீசைக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது. ஈரப் பாறையில் குதிரையோடு சறுக்கிவிட்டார். இப்போது கீழே ஆஸ்பத்திரியில் இருக்கிறார், தேறிவிடுவார். குதிரைக்கு ஒன்றும் இல்லை. வந்திருந்தவர்கள் எல்லாரும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

அவர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். உங்கள் ஊர்தான். மரக்கிளை தட்டி அவர் மூக்குக்கண்ணாடி பள்ளத்தில் போய்விட்டது. "என் மருமக கடைக்குப் போங்க, நல்லா பாத்துக் குடுப்பா" என்று முகவரி எழுதிக் கொடுத்தேன். அம்மாடி, வந்தால் கொஞ்சம் குறைத்துப் போடு. நல்ல மனிதர், பேச்சுத்தான் நிற்காது.

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். அடுப்பு சுட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா


ஜூன் 13

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே எல்லாரும் நலம் என்று எழுத வேண்டும். நலம்தான், ஆனால் நான் மூன்று நாளாகத் தரையில் நடக்கவில்லை.

உங்கள் கணக்கு வாத்தியார் கடைக்கு வந்தார். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே, "அந்தம்மாவோட மருமக நீதானா?" என்று கேட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் பதறிவிட்டேன். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறுக்க முடிந்தால் மறுங்கள்.

"உச்சி முகாம்ல ரெண்டு நாளா மழைம்மா. முதலாளியம்மா கீழ சாமான் வாங்கப் போயிருக்காங்க. வழிகாட்டி கால் ரெண்டா மடங்கிக் கிடக்கு, வலியில பல்லக் கடிக்கிறாரு. இடி இடிச்சா குதிரைங்க கயித்த அறுக்குது, லாடக்காரரு அதுங்கள விட்டு நகர முடியாது. எங்க ஏழு பேர்ல ஒருத்தருக்கும் தனியா ஏறத் தெரியாது. எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு நிக்கறோம். உங்கத்த அடுப்புலேருந்து எந்திரிச்சாங்க. கையத் தொடச்சாங்க. 'சூப் கொதிச்சிட்டு இருக்கு. ஆளுக்கு ஒரு கிண்ணம், ரெண்டாவது கேக்கக் கூடாது. நான் வனத்துறைச் சாவடிக்குப் போயிட்டு வந்துடறேன்'னாங்க. பக்கத்துக் கடையில தீப்பெட்டி வாங்கப் போற மாதிரி சொன்னாங்கம்மா! நாங்க பேசி முடிக்கறதுக்குள்ள அந்தச் சோம்பேறிக் குதிரைக்குச் சேணம் போட்டு ஏறிட்டாங்க."

அத்தை, நான் கையிலிருந்த கண்ணாடிச் சட்டத்தைக் கீழே வைத்துவிட்டேன். அவர் நிறுத்தவில்லை.

"சாயங்காலம் வெளிச்சம் போறதுக்குள்ள ஸ்ட்ரெச்சரோட ஆளுங்க வந்துட்டாங்க. முன்னாடி யாரு? உங்கத்த! சாவடியிலயே தங்கியிருக்கலாம்ல? வழி காட்ட ஆள் வேணும்னு திரும்ப ஏறி வந்திருக்காங்க. எறங்கினதும் மொதல்ல என்ன கேட்டாங்க தெரியுமா? 'ரெண்டாவது கிண்ணம் யாரு குடிச்சது?'ன்னு கேட்டாங்க. நான்தாம்மா குடிச்சேன்."

அன்று சாயங்காலம் உங்கள் மகனிடம் சொன்னேன். சட்டை கழற்றிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றுவிட்டார். "இன்னொரு தடவ சொல்லு" என்றார். சொன்னேன். "குதிரை மேலயா? அம்மாவா?" என்றார். மூன்றாம் தடவையும் சொன்னேன். உங்களுக்கு எழுதச் சொன்னால் தலையை ஆட்டுகிறார், எழுதவில்லை.

வாத்தியாரின் கண்ணாடிக்கு நான் காசு வாங்கவில்லை. என்னால் முடியவில்லை அத்தை.

உங்கள் மருமகள்


ஜூன் 26

என் அம்மாடி மருமகளுக்கு,

அத்தை நலம். கொப்புளம் காய்ந்துவிட்டது. உன் கண் எப்படி இருக்கிறது?

அந்த மனிதர் வாய் ஓயாது என்று தெரிந்தும் உன் கடைக்கு அனுப்பினேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். இல்லை, உன்னிடம் பொய் எதற்கு? யாராவது உனக்குச் சொல்லட்டும் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்திருக்கலாம். நானே எழுதினால் பெருமையடித்துக்கொள்வது போல ஆகிவிடும்.

மார்ச் கடைசியிலிருந்தே ஏறிப் பழகினேன். மீசைதான் ஏற்றிவிட்டார். முதல் வாரம் தொடை இரண்டும் என்னுடையது இல்லை. நீ தைத்த பேண்ட் வந்த பிறகுதான் நிமிர்ந்தேன்.

அன்றைக்குப் பயமில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். பாதி வழியில் ஓடை பெருகிக் கிடந்தது. அவசரம் காலை ஊன்றி நின்றுவிட்டது. கெஞ்சினேன், நகரவில்லை. ஆஸ்பத்திரியில் பாத்திரம் கழுவாமல் நழுவுகிறவர்களைத் திட்டுவேனே, அந்தத் திட்டெல்லாம் திட்டினேன். காதை மட்டும் ஆட்டியது. கடைசியில் இறங்கி, லகானைப் பிடித்துக்கொண்டு நானே முதலில் தண்ணீரில் கால் வைத்தேன். இடுப்பு வரைக்கும் வந்தது. தண்ணீர் இழுத்தபோது உங்கள் இரண்டு பேரின் முகமும் கண் முன்னால் வந்து நின்றது. திரும்பிப் பார்த்தேன், அவசரம் என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. நான் போனால் அதுவும் வரும் என்பது அதற்கு முன்பு எனக்குத் தெரியாது.

சாவடியில் காவலர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "யாரும்மா உங்கள கூட்டிட்டு வந்தது?" என்றார். "யாரும் கூட்டிட்டு வரல. நான்தான் வந்தேன்" என்றேன். அம்மாடி, இந்த வயதுக்கு நான் எத்தனையோ பேச்சுப் பேசியிருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னபோது என் குரலே எனக்குப் பிடித்திருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மீசை இனி மேலே ஏற முடியாதாம், கீழே லாயத்தைப் பார்த்துக்கொள்வார். அடுத்த சீசனுக்கு என்னை வழிகாட்டியாக இருக்கச் சொல்கிறார் முதலாளியம்மா. மீசைதான் என் பேரைச் சொன்னாராம். அதுவரை மழை மாதங்களில் லாயத்திலேயே தங்கி வழிகளை எல்லாம் பழக வேண்டும்.

எனக்கு ஆசையாக இருக்கிறது. ஆனால் சீசன் முடிந்ததும் வந்துவிடுவேன் என்று அவனிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவன் ஒரு வார்த்தை எழுதட்டும். வேண்டாம் என்றாலும் எழுதட்டும்.

அத்தை


ஜூலை 18

மகனுக்கு,

நலமா?

சீசன் முடிந்தும் லாயத்திலேயே இருக்கிறேன். மூன்று தடவை ஜீப் வந்து போயிற்று, உன் கடிதம் இல்லை. முதலாளியம்மா பதில் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. நீ கோபமாக இருந்தால் கோபத்தை எழுது. உன் கோபத்தைப் படிக்கத் தெரிந்தவள்தான் நான்.

அம்மா


ஆகஸ்ட் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீ நலமாக இருக்க வேண்டும்.

எழுத உட்காராமல் இல்லை. முதல் கடிதத்தில் உன்னைக் கண்டபடி திட்டியிருந்தேன், கிழித்தேன். இரண்டாவதில் ஒரேயடியாகப் புகழ்ந்திருந்தேன், படிக்க எனக்கே கூச்சமாக இருந்தது, அதையும் கிழித்தேன். தண்ணீர் இழுத்தது என்று நீ எழுதிய வரியை இவள் படித்துக் காட்டினாள். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. கம்பிவடத்தை நம்பித் தொங்குகிறவன் நான், கால் பிடி விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உனக்கு ஒன்று ஆகியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்ற எண்ணத்தைத் தாண்டி வர இத்தனை நாள் ஆயிற்று.

போன வாரம் ஒரு லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரு கணவனும் மனைவியும். அந்தம்மா மூச்சு முட்டுகிறது என்று கதறினார். நான் மேலே வேலை பார்த்துக்கொண்டே இடுக்கு வழியாகப் பேச்சுக் கொடுத்தேன். என்ன பேசுவது? ஒரு பெண் மழையில் குதிரை ஏறிப் போன கதையைச் சொன்னேன். ஓடைக்கு வந்ததும் அந்தம்மா அழுகையை நிறுத்திவிட்டு, "அப்புறம்? குதிரை வந்துச்சா?" என்றார். கதை முடியவும் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. "அது யாருப்பா?" என்று கேட்டார்கள். சொல்லாமலே கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கீழ்வீட்டம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "உங்கம்மாவா? மாடிப்படி ஏறவே கைப்பிடியப் புடிப்பாங்களேப்பா!" என்கிறார்.

முதலாளியம்மாவிடம் ஆகட்டும் என்று சொல். என்னைக் கேட்டுச் சொல்ல வேண்டிய விஷயமே இல்லை அது. கேட்டாய் பார், அதற்காகச் சொல்கிறேன்: போ அம்மா.

இன்னொன்று. சீசன் தொடங்கியதும் முதல் கூட்டத்தில் எனக்கு ஓர் இடம் பதிவு செய்திருக்கிறேன். இவளுக்கு லீவு கிடைக்கவில்லை, பல்லைக் கடிக்கிறாள். நான் உன் மகன் என்று அங்கே யாரிடமும் சொல்லாதே. எல்லாரையும் போல ஓர் ஆளாக வருகிறேன். மற்றவர்கள் உன்னைப் பற்றிப் பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

உன் மகன்


அக்டோபர் 15

என் அம்மாடி மருமகளுக்கு,

உன் வீட்டுக்காரனைப் பத்திரமாகப் பஸ் ஏற்றிவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன்பே அவன் வந்து சேர்ந்திருப்பான். நடை ஒரு மாதிரி அகட்டி அகட்டி இருக்கும், பயப்படாதே. தைலம் தடவிவிடு. நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்?

அவன் உனக்கு ஒரு கதை சொல்லியிருப்பான். நடந்ததை நான் சொல்கிறேன்.

வந்து இறங்கியதும், "வணக்கம் மேடம்" என்றான். எனக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "வாங்க சார், ஏறுங்க" என்றேன். எதிர்ப்பக்கமாக ஏறப் போய் மறுபக்கம் விழுந்தான். லாடக்காரர் தூக்கி வைத்தார். முதல் நாள் முழுக்கத் தீயைச் சுற்றி உட்கார்ந்து மற்றவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். யாராவது "இந்த வழிகாட்டியம்மா..." என்று ஆரம்பித்தால் போதும், கழுத்து ஒட்டகம் மாதிரி நீண்டுவிடும். சூப்பில் உப்புக் குறைவு என்று புதுச் சமையற்காரரிடம் சண்டையும் போட்டான்.

மறுநாள் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போகிற வழி. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஆழம். மண் சரிந்திருக்கிறதா என்று பார்க்க எல்லாரையும் நிறுத்திவிட்டு நான் மட்டும் முதலில் போனேன். வளைவைத் தாண்டி எதிர்ச் சரிவுக்கு வந்துவிட்டால் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் கண்ணுக்கு முழுதாகத் தெரிவேன். அங்கே பேசினால் இங்கே கேட்கும், அப்படிப்பட்ட இடம். கூட்டத்தில் இருந்த ஒரு நர்ஸம்மா சொல்வது காதில் விழுந்தது: "எப்படிப் போறாங்க பாருங்களேன். யாரு பெத்த மகராசியோ!"

பிறகு உன் வீட்டுக்காரன் குரல். குதிரையெல்லாம் மிரண்டுபோகிற குரல்.

"யாரு பெத்த மகராசியோ எனக்குத் தெரியாதுங்க. என்னைப் பெத்த மகராசி!"

மலை அதை வாங்கி இன்னொரு தடவை சொல்லிற்று.

நான் திரும்பவில்லை அம்மாடி. அந்த வழியில் வழிகாட்டி திரும்பினால் பின்னால் வருகிறவர்களுக்குப் பயம் வந்துவிடும். லகானை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டேன், முகத்தைத் துடைக்க ஒரு கை வேண்டியிருந்தது. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். வழி நன்றாகத்தான் இருந்தது. கையை உயர்த்தி எல்லாரையும் வரச் சொன்னேன்.

அடுத்த தடவை நீ வர வேண்டும். கண்ணைப் பார்த்துக்கொள்.

அத்தை